சிவப்புக் கோடு சாத்திரமா?

மனு எழுதி வைத்தான் என்றால், "யார் அந்த மனு? எவர் கேட்டார் அவனை?" என்று சீறுகிறோம். பஞ்சாங்கத்தில் போட்டிருக்கிறது என்றால் சிரிக்கிறோம். தலையெழுத்து என்று பாட்டி சொன்னால், "எங்கே, அந்த எழுத்தைக் காட்டு பார்க்கலாம்" என்று வம்புக்கு இழுக்கிறோம். இத்தனை துணிவு படைத்த பகுத்தறிவுத் தோழன் கைப்பேசியை எடுத்து நாலு வரி தமிழ் எழுதுகிறான். ஒரு சொல்லின் அடியில் சிவப்பாய் ஒரு நெளிகோடு விழுகிறது. விழுந்ததுதான் தாமதம், துணிவெல்லாம் தூளாகிறது! சொல்லை அழிக்கிறான், வேறு சொல் தேடுகிறான், அதன் அடியிலும் கோடு விழ, தமிழையே ஆங்கில எழுத்திலே எழுதி அனுப்பிவிட்டு ஓய்கிறான். அந்தக் கோட்டை இழுத்தவர் யார், எந்த இலக்கணத்தின் பேரால் இழுத்தார் என்று ஒரு கேள்வி கேட்டானா? கேட்கவில்லை. தலையெழுத்தை நம்பாதவன் திரையெழுத்தை நம்புகிறான்!

அந்தக் கோட்டின் பிறப்பைச் சற்று விசாரிப்போம். பிரமன் இழுத்த கோடல்ல அது. பன்மொழிப் பிழைதிருத்தி என்று பெயர் சூட்டிக்கொண்டு கைப்பேசிக்குள் வந்து குந்தியிருக்கும் செயலிகள் பலவற்றின் வயிற்றுக்குள்ளே இருப்பது ஒரு சொற்பட்டியல். அதனோடு ஒட்டுகளைப் பற்றிய சில விதிகள். நீங்கள் எழுதும் சொல் பட்டியலில் இருந்தால் அது வாய்மூடிக் கிடக்கும். இல்லையென்றால் கோடு இழுக்கும். "இது பிழை" என்று அது கூறவில்லை, தோழர்களே! "இதை நான் கண்டதில்லை" என்றே கூறுகிறது. அதன் அறியாமையை நம் பிழையென்று ஏற்றுத் தலைகுனிவது எவர் குற்றம்?

இந்த முறை 1970களில் அமெரிக்க ஆய்வுக்கூடங்களில் ஆங்கிலத்துக்கென உருவானது. ஆங்கில வினைச்சொல் நாலைந்து வடிவம் எடுத்தால் அதிகம். பட்டியல் போட்டு முடித்துவிடலாம். நம் மொழியின் நடை வேறு. 'மரம்' என்ற ஒரு பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருமை பன்மை என இரண்டு, வேற்றுமை எட்டு, உம், ஏ, ஓ, ஆ என்பவற்றுள் ஒன்று சேர்ந்தும், எதுவும் சேராமலும் ஐந்து. பெருக்கினால் 80. 'மரங்களிலிருந்துதானே' போன்ற தொடர்களை இன்னும் தொடவே இல்லை. வினைக்கு வந்தாலோ காலமும் இடமும் பாலும் எச்சமும் எதிர்மறையும் கிளைத்துக்கொண்டே போகும். சென்னைப் பல்கலைக்கழகம் 1924 தொடங்கி 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியில் 1,04,405 சொற்கள் உள்ளன. அத்தனையையும் அள்ளிச் செயலிக்குள் கொட்டினாலும் அதற்கு 'ஆறு' தெரியும், 'கரை' தெரியும். 'ஆற்றங்கரையிலிருந்தும்' என்று எழுதினால் விழிக்கும். ஒருவன் உடம்புக்கு அளவெடுத்துத் தைத்த சட்டையை ஊரார் அனைவருக்கும் மாட்டிவிட்டு, பொருந்தாதவனைப் பார்த்து "உன் உடம்பு கோணல்" என்று சொல்வதற்கு ஒப்பானது இது.

இதனால் என்ன குடி முழுகிப் போயிற்று என்று கேட்கக்கூடும் சிலர். குடி முழுகிய ஊரிலிருந்தே எழுதுகிறேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கொணர்ந்த வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து, கொசஸ்தலை என்றும் கொற்றலை என்றும் நாம் அழைக்கும் ஆற்றிலும், எண்ணூர்க் கழிமுகத்திலும் படர்ந்தது. வலை கறுத்தது, படகு கறுத்தது, கரையோரச் செடிகொடிகளும் கறுத்தன. மணலி புதுநகரில் என்னிடம் படிக்கும் பிள்ளைகள் சிலர் அதுபற்றி அதிகாரிகளுக்கு விண்ணப்பம் எழுத முனைந்தனர், கைப்பேசியிலேயே. 'கொசஸ்தலை' என்றார்கள், கோடு. 'கொற்றலை' என்று மாற்றினார்கள், அதற்கும் கோடு. 'கழிமுகத்திலும்' கோடு. 'மடவையும்' என்றதற்கும் கோடு. தகப்பன் வலைவீசிப் பிடித்துவந்து சோறு போட்ட மீனின் பெயர் பிழையாம்! ஆனால், 'எண்ணெய்க் கறை' என்று எழுதவேண்டிய இடத்தில் ஒருவன் 'எண்ணெய்க் கரை' என்று எழுதியிருந்தான். அங்கே கோடு இல்லை. கரை என்றொரு சொல் பட்டியலில் உண்டல்லவா? ஆகவே அது சரியாம். விண்ணப்பத்துக்கு உயிரான ஒரு சொல் சிதைந்து கிடக்க, சிதையாத சொற்களின் மீதெல்லாம் குற்றப்பத்திரிகை!

இரண்டாம் பத்தியில் அவர்கள் தமிழெழுத்தைக் கைவிட்டு ரோமன் எழுத்துக்குத் தாவிவிட்டார்கள். அதிலும் வரிக்கு வரி கோடு விழத்தான் செய்தது. "இதிலே விழுந்தா பரவாயில்லை சார், இது இங்கிலீஷ் இல்லைன்னு எல்லாருக்கும் தெரியும். தமிழிலே விழுந்தாத்தான் அசிங்கம்" என்றான் ஒருவன். தாய்மொழியில் எழுதத் தெரியாதவன் என்று ஒரு பொறி தந்த பொய்ப்பட்டத்தை அந்தப் பிள்ளை மறுபேச்சின்றி வாங்கிச் சட்டையில் குத்திக்கொண்டான்.

இன்னொரு வகைப் பிள்ளைகளையும் சொல்லவேண்டும். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் இந்தத் தொழிற்பகுதிக்கு வேலைக்கு வந்தோரின் மக்கள், வீட்டில் இந்தியோ ஒடியாவோ பேசி, தெருவில் தமிழும் தெலுங்கும் கேட்டு வளர்கிறார்கள். பன்மொழிச் செயலி எவருக்கேனும் உண்மையில் வேண்டுமென்றால் இவர்களுக்குத்தான் வேண்டும். 1938லும் 1965லும் நாம் எதிர்த்தது இந்தித் திணிப்பை. இந்தி பேசும் சிறுவனை அல்ல. தமிழை விரும்பி எழுத வருகிற அவனுக்கு இரவு நேரத்தில் கையிலிருக்கும் ஒரே வாத்தியார் அந்தச் செயலி. அந்த வாத்தியாருக்கே பாடம் தெரியாது!

கறையும் கரையும் மட்டுமா? மனம், மணம், வலி, வழி, வளி, பல்லி, பள்ளி, எல்லாமே பட்டியலில் உள்ளவை, எதை எங்கே மாற்றிப் போட்டாலும் பட்டியல் பேசாது. 'வேலை கொடுத்தான்' என்றால் பணி தந்தான். 'வேலைக் கொடுத்தான்' என்றால் கையிலிருந்த வேலாயுதத்தைத் தந்தான். ஒரு க் செய்யும் வேலை அது. இதைத் தீர்மானிக்கத் தொடரின் பொருள் தெரியவேண்டும். சொல்லை மட்டும் தனியே நிறுத்தி விசாரிக்கும் நீதிபதியால் ஆகாது.

இதற்கும் அடியில் ஒரு வஞ்சகம் இருக்கிறது. வஞ்சகம் என்ற சொல் கடுமையென்றால் அலட்சியம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உலக மொழிகளுக்கெல்லாம் இடம் வகுத்த ஒருங்குறி 1991இல் வெளிவந்தது. அதில் தமிழுக்கு வகுத்த இடம், 1988இல் இந்தியாவில் வகுக்கப்பட்ட 'இஸ்கி' என்னும் தகுதரத்தைத் தழுவியது. அந்தத் தகுதரமோ இந்திய எழுத்துகள் அனைத்தையும் ஒரே அச்சில், தேவநாகரிக்குப் பொருந்தும் அச்சில் வார்த்தது. அதன்படி 'க' என்பது முதல் எழுத்து. 'க்' என்பது அந்தக் 'க'வோடு புள்ளியையும் சேர்த்து இரண்டு குறிகள். நம் இலக்கணமோ மெய்யை முதலாக வைத்து, உயிர் ஏறினால் உயிர்மெய் என்கிறது. 'படித்தான்' என்பதைப் பகுத்தால் படி, த், த், ஆன். 'தா'வைத் த், ஆ என்று உடைக்காமல் ஒரு வினைமுற்றையும் பகுக்க முடியாது. ஆகவே தமிழுக்கு நிரல் எழுதுகிறவன், முதலில் அந்த வார்ப்பை உடைத்துவிட்டுத்தான் தன் வேலையையே தொடங்கவேண்டும். அதுமட்டுமா? 'கௌரவம்' என்பதைக் 'கெ' அடித்துப் பக்கத்தில் 'ள' அடித்தும் எழுதிவிடலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று; பொறிக்கு வேறு வேறு. எழுதியவன் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்க்கிறான், பிழை எங்கே என்று.

எழுத்து மனிதன் செய்த கருவி, வேண்டும்போது திருத்தலாம் என்று 1935இல் 'குடி அரசு' ஏட்டிலே செய்து காட்டினார் பெரியார். தமிழக அரசு அதை ஏற்க 1978 ஆயிற்று. 43 ஆண்டுகள்! ஒவ்வோர் உயிர்மெய்க்கும் தனியிடம் தரும் குறியேற்றம் ஒன்றையும் ஒருங்குறியோடு சேர்த்துத் தமிழக அரசு 2010இல் ஏற்றது. எனினும் கைப்பேசிகளில் ஓடுவது ஒருங்குறிதான். அதை இனி மாற்றுவது எளிதல்ல. மாற்றித்தான் தீரவேண்டும் என்றும் நான் வாதாட வரவில்லை. உடைக்கும் வேலையை ஒழுங்காகச் செய்துவிட்டுப் பிறகு தீர்ப்புச் சொல் என்பதே நம் வழக்கு.

இங்கேதான் நம்மிலேயே சிலர் குறுக்கே வருகிறார்கள். தமிழே கணிப்பொறிக்கு ஒத்துவராத மொழி என்பது அவர்கள் வாதம். அப்படியா? ஹங்கேரி நாட்டைப் பாருங்கள். அங்கே வாழ்வோர் ஒரு கோடிக்கும் குறைவு. அவர்கள் மொழியும் நம் மொழிபோல் ஒட்டின்மேல் ஒட்டேற்றும் மொழி. ஆங்கிலத்துக்கென எழுந்த கருவி அவர்களுக்கும் பொருந்தவில்லை. மொழியின்மீது பழிபோட்டா உட்கார்ந்தார்கள்? நேமெத் லாஸ்லோ என்பவர் தம் தாய்மொழியை மனத்திற் கொண்டு 'ஹன்ஸ்பெல்' என்ற பிழைதிருத்தியை ஆக்கினார். இன்று ஃபயர்பாக்ஸ் உலாவியிலும் லிப்ரெ ஆபீசிலும் ஓடுவது அதுதான். ஆங்கிலேயனின் ஆங்கிலத்தையும் அதுவே திருத்துகிறது! பின்லாந்தில் ஏறத்தாழ 56 லட்சம் பேர். அவர்கள் மொழியின் சொல்வடிவங்களைப் பகுக்கும் முறையொன்றை கிம்மோ கோஸ்கென்னியெமி என்ற அறிஞர் 1983இல் வகுத்தார். உலக மொழியியலாரெல்லாம் அதை எடுத்தாண்டார்கள். கமால் பாட்சா 1928இல் எழுத்தையே மாற்றிய துருக்கியிலும் ஒட்டுமொழிதான். 'செம்பெரெக்' என்ற திறந்த கருவி அங்கே உண்டு. 2011 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மட்டும் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் 6.9 கோடி. ஒத்துவராதது தமிழா, நம் சோம்பலா?

உழைத்தவர் இல்லை என்று கூறவில்லை. நீச்சல்காரன் என்ற புனைபெயருடைய இளைஞர் 'வாணி' என்ற எழுத்துப்பிழை திருத்தியையும், ஒற்று மிகுவதையும் மிகாததையும் ஆராயும் 'நாவி'யையும் ஆக்கி எவரும் பயன்படுத்தத் தந்திருக்கிறார். பேராசிரியர் தெய்வசுந்தரம் இலக்கண அறிவோடு 'மென்தமிழ்' ஆக்கினார். மலேசியாவின் முத்து நெடுமாறன் 1985இல் 'முரசு அஞ்சல்' தொடங்கி, பின்னர் 'செல்லினம்' வழியே கைப்பேசிக்குத் தமிழைக் கொண்டுவந்தார். தனி மனிதர்களின் தோள்வலியில் வந்தவை இவை. தேருக்கு வடம் பிடிக்கத் திரளும் கூட்டத்தில் நூற்றில் ஒரு பங்கு இவர்கள் பின்னே திரண்டிருந்தால் இன்று இந்தக் கட்டுரைக்கே வேலையில்லை.

பட்டியலெல்லாம் பழங்கதை, இப்போது செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது என்பாரும் உளர். வரட்டும், வரவேற்போம். ஆனால் அது கற்பது, ஏற்கெனவே எழுதிக் குவிந்து கிடப்பதிலிருந்து. 'சுவற்றில் எழுதாதீர்' என்று ஊரெங்கும் சுவரில் எழுதி வைத்திருக்கிறார்கள். கிணறு என்பது கிணற்றில் ஆகும். சுவர் என்பது சுவரில்தான் ஆகும். பலர் எழுதுகிறார்கள் என்பதற்காக அந்தப் பொறி 'சுவற்றில்' என்பதைச் சரியென்று நீட்டினால் வாங்கிக்கொள்வதா? ஊரார் செய்கிறார்கள், நாமும் செய்வோம் என்பது வைதீகன் வாதமன்றோ!

ஒரு வேடிக்கை. 'ஐயா' என்பதை 'அய்யா' என்று எழுதுவது பெரியார் வழி. இலக்கணமும் போலி என்று அதற்கு இடம் தருகிறது. என் கைப்பேசிச் செயலி அதற்குக் கோடிழுக்கிறது. மணலி புதுநகரில் அய்யா வைகுண்டர் பதி இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டுத் திருவிதாங்கூரில் சாதிக் கொடுமையை எதிர்த்து எழுந்தவர் வைகுண்டர். அங்கு வரும் அன்பரும் 'அய்யா' என்றே எழுதுகிறார். அவருக்கும் கோடு, எனக்கும் கோடு. பக்தரையும் பகுத்தறிவாளனையும் ஒரே கூண்டில் ஏற்றிய பெருமை அந்தச் செயலிக்கே உரியது.

அரசை நோக்கிக் கேட்போம். தேவநேயப் பாவாணர் இயக்குநராக 1974இல் தொடங்கி 2011இல் நிறைவுற்ற செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் பேரகரமுதலி உட்பட, மக்கள் வரிப்பணத்தில் தொகுத்த அகராதி ஒவ்வொன்றும், எவரும் எடுத்து எந்தச் செயலியிலும் பொருத்தத்தக்க தரவாக, தடையற்ற உரிமத்தோடு வெளிவரவேண்டும். படம் பிடித்த பக்கங்களாக அல்ல. தமிழ் உண்டு என்று விளம்பரம் செய்து இங்கே விற்கும் நிறுவனங்களைக் கேட்போம்: உங்கள் தமிழ்ப் பட்டியல் எங்கிருந்து வந்தது, யார் தொகுத்தார், என்று புதுப்பித்தீர்? கோடிழுத்தால் காரணம் காட்டு. 'பிழை' வேறு, 'அறியேன்' வேறு. இரண்டுக்கும் ஒரே சிவப்பு கூடாது.

நாம் செய்யவேண்டியதும் உண்டு. 'அகராதியில் சேர்' என்ற பொத்தானை அழுத்திவிட்டுத் திருப்தி அடைகிறோம். அது உங்கள் கைப்பேசிக்கு மட்டுந்தான். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கோடு அப்படியே நிற்கும். ராயபுரம் முதல் எண்ணூர் வரை தோழர்கள் நடத்தும் படிப்பகங்கள் இந்தக் கோடையில் தத்தம் தெருவின் தொழிற்சொற்களைத் தொகுக்கட்டும்: மீனவர் சொல், துறைமுகத்தார் சொல், ஆலைத் தொழிலாளர் சொல். 'கண்டெய்னர்' என்பதைச் சேர்க்கலாமா என்று தனித்தமிழ் அன்பர்கள் தயங்குவார்கள். சேர்ப்போம், பக்கத்திலேயே 'சரக்குப் பெட்டகம்' என்பதையும் எழுதுவோம். லாரி ஓட்டுகிறவன் வாயிலுள்ள சொல்லை இல்லையென்று சாதித்துத் தமிழ் வளர்க்க முடியாது. தொகுத்ததைத் திறந்த பட்டியல்களுக்கு அனுப்புங்கள். ஒரு படியை ஏட்டுக்கும் அனுப்புங்கள். மடவையிலிருந்து தொடங்கலாம்.