ஏழு கன்னியர் மலை விபத்தும் காரண விசாரணையும்

விபத்தொன்றின் காரணத்தைத் தேடுவது வேறு. அதற்கு ஒரு குற்றவாளியைத் தேடுவது வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்ளும் மயக்கம் எம்மிடையே, குறிப்பாகக் கற்றவர்களிடையே, ஆழ வேரூன்றியிருக்கின்றது. அம்மயக்கத்தைச் சுட்டிக்காட்ட மலையகத்து வரலாற்றிலிருந்தே ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்கின்றேன்.

1974ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் திகதி. இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து ஹஜ் யாத்திரிகரை ஏற்றிக்கொண்டு ஜெத்தா நோக்கிப் புறப்பட்ட டி.சி. 8 ரக விமானமொன்று இடைவழியில் கட்டுநாயக்காவில் இறங்கவிருந்தது. அது ஒல்லாந்து நாட்டின் மார்ட்டினெயார் நிறுவனத்துக்குரியது. இரவு பத்து மணி கடந்த வேளையில், மஸ்கெலியா, நோவூட் பகுதித் தேயிலைத் தோட்டங்களுக்கு மேலே நிமிர்ந்து நிற்கும் ஏழு கன்னியர் மலையில், கடல் மட்டத்திலிருந்து 4,300 அடிக்குச் சற்று மேற்பட்ட உயரத்தில் அது மோதிச் சிதறியது. யாத்திரிகர் 182 பேர், பணியாளர் 9 பேர், ஒருவரேனும் தப்பவில்லை. இலங்கை மண்ணில் நிகழ்ந்த விமான விபத்துக்களுள் அதிக உயிர்களைப் பலிகொண்டது இதுவேயாகும்.

இவ்விபத்துக்கு மலையகத்தில் இருவகை விளக்கங்களைக் கேட்கலாம். கன்னிமாரின் கோபம் என்பர் தோட்டத்து முதியோர் சிலர். விமானியின் தவறு என்பர் பத்திரிகை படித்தோர். முன்னையதைக் கேட்டு நகைப்பதும் பின்னையதைக் கேட்டுத் தலையசைப்பதும் எமது வழக்கம். ஆயின் இவ்விரு கூற்றுக்களுக்கும் இடையே உள்ள வேறுபாடுதான் யாது? இரண்டுமே மேற்கொண்டு கேள்வி கேட்பதைத் தடுப்பவை. கன்னிமார் ஏன் கோபித்தனர் என்று எவரும் வினவுவதில்லை. விமானி ஏன் தவறினார் என்றும் எவரும் வினவுவதில்லை. தோட்டத்து முதியவர் தம் நம்பிக்கையை விஞ்ஞானம் என்று சொல்லிக்கொள்வதில்லை என்பதால், அவரது நேர்மையே மேல் எனக்கூடத் தோன்றுகின்றது.

உத்தியோகபூர்வ விசாரணையின் முடிவை ஊன்றி நோக்குவோம். விமானநிலையத்திலிருந்து தாம் எங்கிருக்கிறோம் என்பதைப் பிழையாகக் கணித்த விமானிகள், பாதுகாப்பான உயரத்துக்குக் கீழே விமானத்தை இறக்கினர். உயர்ந்து செல்லும் மலையில் அது மோதியது என்கின்றது முடிவின் முற்பகுதி. பலர் வாசிப்பது இம்மட்டே. பிற்பகுதியோ, விமானத்திலிருந்த டொப்ளர் கருவியையும் வானிலை ராடரையும் நம்பியிருந்தமையே இப்பிழைக்கு வழிவகுத்ததென்றும், அவை தவறாக விளங்கிக்கொள்ளப்பட இடமளித்தன என்றும் கூறுகின்றது. ஆகவே முடிவு விமானியோடு நிற்கவில்லை. அதனை அங்கே நிறுத்தியவர்கள் நாமே.

டொப்ளர் கருவி தரையை நோக்கிக் கதிர்களை அனுப்பி, திரும்பிவரும் கதிர்களின் அதிர்வெண் மாற்றத்திலிருந்து விமானத்தின் வேகத்தையும் விலகலையும் அளப்பது. புறப்பட்ட இடத்திலிருந்து இவற்றைக் கூட்டிக்கூட்டியே விமானம் இப்போது நிற்குமிடம் கணிக்கப்படுகின்றது. கண்களைக் கட்டிக்கொண்டு அடிகளை எண்ணி நடப்பவன் ஓரடியில் செய்யும் சிறு பிழை, ஆயிரமாவது அடியில் அவனைக் கிணற்றினுள் தள்ளக்கூடும். நெடுந்தூரம் கடலின் மேல் பறந்து வந்த விமானத்துக்கும் நிலை இதுவே. வானிலை ராடரோ மழைமுகிலைக் காண்பதற்கென ஆக்கப்பட்டது; அதில் தெரியும் நிழலைக் கரையென்றும் மலையென்றும் பிரித்தறிவது பார்ப்பவரின் கணிப்பைப் பொறுத்தது. விமானம் மோதிய இடத்துக்கும் கட்டுநாயக்காவுக்கும் இடையே ஏறத்தாழ 40 கடல் மைல். சுமார் பத்து நிமிடப் பறப்பு. 

இனிக் கேட்கப்படவேண்டிய வினாக்கள் எழுகின்றன. விமானம் இருக்குமிடத்தைத் தரையிலிருந்து சரிபார்க்க அன்றிரவு என்ன வழி இருந்தது? இறங்குவதற்கான அனுமதி எதை நம்பி வழங்கப்பட்டது? மலை நெருங்குகின்றது என்று எச்சரிக்கும் கருவி விமானத்தில் ஏன் இருக்கவில்லை?

கடைசி வினாவுக்கு விடை காண அமெரிக்காவை நோக்கவேண்டும். நோவூட் விபத்துக்கு மூன்றே நாட்களுக்கு முன்னர், 1974 டிசம்பர் 1ஆம் திகதி, வோஷிங்டனை அடுத்த டலஸ் விமானநிலையத்தில் இறங்க வந்த டி.டபிள்யூ.ஏ. நிறுவனத்தின் போயிங் 727 விமானம் வேர்ஜீனியாவில் ஒரு மலையில் மோதி 92 பேர் மாண்டனர். 'இறங்கலாம்' என்னும் பொருள்பட வழங்கப்பட்ட ஓர் அனுமதியைத் தரையிலிருந்தவர் ஒருவிதமாகவும் விமானி இன்னொருவிதமாகவும் விளங்கிக்கொண்டனர். விசாரணைச் சபையே காரணம் பற்றி இரண்டுபட்டது. எனினும் அங்கு யாரைத் தண்டிப்பது என்ற விவாதத்தோடு விடயம் முடியவில்லை. பொறியியலாளர் டொன் பேட்மன் உருவாக்கியிருந்த தரை அண்மை எச்சரிக்கைக் கருவியைப் பெரிய பயணிகள் விமானங்களில் பொருத்துவது அங்கே கட்டாயமாக்கப்பட்டது. தொடக்ககாலக் கருவி செங்குத்தான மலைக்கு முன் போதிய அவகாசம் தரவில்லை என்பது உண்மையே. அக்குறையையும் பின்வந்த விசாரணைகளே திருத்தின. 'விமானி தவறினார்' என்று கோப்பை மூடியிருந்தால் அக்கருவி எந்த விமானத்திலும் ஏறியிராது.

சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து நிறுவனம் 1951இல் ஏற்றுக்கொண்ட 13ஆம் இணைப்பின் அடிப்படையும் இதுதான்: விசாரணையின் ஒரே நோக்கம் எதிர்கால விபத்தைத் தவிர்ப்பது, பழியையோ பொறுப்பையோ பங்கிடுவது அதன் வேலையன்று.

பழி உட்புகுந்தால் என்ன நேரும் என்பதற்கும் எம் நாட்டிலேயே சான்றுண்டு. 1978 நவம்பர் 15ஆம் திகதி, ஜெத்தாவிலிருந்து யாத்திரிகருடன் திரும்பிய ஐஸ்லாந்து விமானமொன்று கட்டுநாயக்காவை அண்மித்துத் தென்னந்தோட்டத்தில் வீழ்ந்து 183 பேர் உயிரிழந்தனர். இலங்கை விசாரணை விமானிகளை நோக்கி விரல் நீட்டியது. ஐஸ்லாந்துத் தரப்போ தரையிலிருந்த கருவிகளின் பராமரிப்பையும் கட்டுப்பாட்டாளரையும் நோக்கி விரல் நீட்டியது. தத்தம் வீட்டு வாசலைப் பெருக்கி, குப்பையை அயல் வீட்டு முற்றத்தில் கொட்டும் செயலை இது ஒத்தது. இந்தோனேசியக் கிராமங்களில் காத்திருந்த குடும்பங்கள் எந்த அறிக்கையை நம்புவது?

2020 ஜனவரி 3ஆம் திகதி அப்புத்தளையில் விமானப்படையின் வை-12 ரகச் சிறு விமானம் வீழ்ந்து நால்வர் மாண்டனர். காரணத்தை ஆராயும் குழுவை விமானப்படையே நியமித்தது. தன் விமானத்தைத் தானே விசாரிப்பவர், விமானி தவறினாரா என்று கேட்பது எளிது. பயிற்சியும் பராமரிப்பும் கட்டளையும் தவறினவா என்று தம் மேலதிகாரியைக் கேட்பது எளிதன்று. இராணுவ விமானமாயினும் அது வீழ்வது மக்கள் வாழும் தோட்டத்துக்கு அருகிலேயே.

இன்னுமொன்றை இங்கு சொல்லாமல் விட மனம் ஒப்பவில்லை. அந்த விமானம் மோதிய அதே 1974இல் அம்மலையடிவார லயன்களில் பஞ்சம் நிலவியது. மலையகத் தோட்டங்களில் பட்டினியால் மக்கள் மாண்டனர். அவர்களுட் பெரும்பாலோர் 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்டிருந்தனர். மலைமேல் மாண்டவருக்கு ஒரு விசாரணையேனும் கிடைத்தது. கீழே மாண்டவருக்கு, சாபம் அல்லது விதி என்னும் பழைய விளக்கமே போதுமெனக் கருதப்பட்டது. விசாரணைக்குரிய மரணம் எது, அல்லாதது எது என்று தீர்மானிப்பவர் யார் என்ற வினாவை எமது சமூகவியல் மாணவர் எழுப்பவேண்டும்.

விமான விபத்து அறிக்கைகளைத் தேடிப் படிக்க முயலும் மலையக மாணவன் இன்றும் ஆங்கிலத்தையே நாடவேண்டியுள்ளது. டிசம்பர் மாதந்தோறும் அவனுக்குத் தமிழில் கிடைப்பன மர்மக் கதைகளே. விபத்து நிகழ்ந்த பிரதேசத்து மக்களின் மொழியில் அறிக்கையை முழுமையாக வெளியிடுவது விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் கடமையாக வேண்டும். இராணுவ விமான விபத்துக்களின் விசாரணையில் வெளியார் இடம்பெறச் சட்டம் வகைசெய்ய வேண்டும். அதுவரை, நோவூட்டில் அன்றிரவு மலையேறிய தொழிலாளருள் உயிரோடிருப்போரின் வாக்குமூலங்களை ஒலிப்பதிவு செய்யும் பணியையேனும் எமது தமிழ்ச் சங்கம் வரும் விடுமுறையிலேயே தொடங்கலாம்.