அரிவாளுக்குப் பின் வரும் அறிவுரை

‘அரசியல் ஒரு சாக்கடை, பெண்களுக்கு அங்கே என்ன வேலை?’ என்று தேநீர்க் கடையில் ஒருவர் சொன்னால் நாங்கள் சிரித்துக் கடந்துவிடுவோம். அதுவே இலக்கியக் கூட்டங்களில், ‘இத்தனை வன்முறை மலிந்த களத்தில் பெண்கள் எப்படி நிற்க முடியும்?’ என்று கரிசனத்தின் குரலில் ஒலிக்கும்போதுதான் எரிச்சல் மேலிடுகிறது. அரிவாளை எடுத்தவன் எதை விரும்பினானோ அதையே இந்தக் கரிசனம் கூலி வாங்காமல் செய்து முடிக்கிறது.

மதுரை வில்லாபுரம் லீலாவதியை எடுத்துக்கொள்வோம். 1996 உள்ளாட்சித் தேர்தலில் மார்க்சிஸ்ட் கட்சியின் சார்பில் மாமன்ற உறுப்பினரானவர். அவர் கையிலெடுத்தது குடிநீர்ப் பிரச்சினை. தண்ணீரை விலைக்கு விற்றுக் காசு பார்த்த கும்பலுக்கு, மாநகராட்சிக் குழாய் வருவதென்பது பிழைப்பில் மண் விழுவது. 1997 ஏப்ரல் 23 அன்று, பொறுப்பேற்று ஓராண்டு நிறையும் முன்பே, வெட்டிக் கொல்லப்பட்டார். அவர் தம் வேலையைச் செய்தார், அதுதான் குற்றம். கணவரைக் ‘கவுன்சிலர்’ என்று ஊரே அழைக்க, கையெழுத்து மட்டும் போட்டுக்கொண்டிருக்கும் உறுப்பினரை எவரும் வெட்டுவதில்லை. ஆனால் இத்தகைய மரணங்களுக்கு நம் கவிஞர்கள் எழுதும் அஞ்சலிகளைப் பாருங்கள்: தாய்மை, தியாகம், குருதி, கண்ணீர். குழாய் மட்டும் இருக்காது.

இந்த வியாதி புதிதல்ல. 1989 மார்ச் 25, நிதிநிலை அறிக்கை நாளன்று தமிழகச் சட்டமன்றத்தில் கைகலப்பு மூண்டது. எதிர்க்கட்சித் தலைவர் ஜெயலலிதா தம் சேலை இழுக்கப்பட்டதாகச் சொன்னார், தி.மு.க. மறுத்தது. அந்த வழக்காடல் இன்றும் ஓய்ந்தபாடில்லை. எங்களை உறுத்துவது வேறு. உடனடியாகப் பாஞ்சாலி வந்துவிட்டாள். எதிர்க்கட்சித் தலைவர் மறைந்துபோய், துகிலும் மானமும் மட்டும் எஞ்சின. (அந்த உருவகத்தை ஜெயலலிதாவின் அரசியலும் பயன்படுத்திக்கொண்டது மெய்தான். பயன்படுத்திக்கொள்ள வேறு எதை விட்டுவைத்திருந்தோம்?) தன்னைத் தோற்றவனுக்கு என்னைப் பணயம் வைக்க உரிமை ஏது என்று பாஞ்சாலி சபையில் கேட்டது ஒரு சட்டக் கேள்வி. அதை மறந்துவிட்டுப் புடவையை மட்டும் நினைவில் வைத்திருக்கும் வாசகர்கள் நாம்.

திருநெல்வேலி மாவட்டம் தாழையூத்து ஊராட்சித் தலைவராக இருந்த கிருஷ்ணவேணி அருந்ததியர் சமூகத்தவர். பெண்களுக்குப் பொதுக் கழிப்பறை கட்ட முனைந்தது அவர் மீதான பகைக்குக் காரணங்களுள் ஒன்று. மிரட்டல்கள் குறித்து முன்கூட்டியே புகார் அளித்திருந்தார். 2011 ஜூனில் வெட்டப்பட்டு, குற்றுயிராகக் கிடந்து, பிழைத்தார். குடிநீர், கழிப்பறை என்று, நம் இலக்கியம் அரசியல் என்றே எண்ணாத விஷயங்களில்தான் அரிவாள் உயர்ந்திருக்கிறது. வெட்டுகிறவர்களுக்கு அது அரசியல் என்று தெரிந்திருக்கிறது.

2016இல் தமிழக உள்ளாட்சிகளில் பெண்களுக்கான இடங்கள் 50 விழுக்காடாக உயர்த்தப்பட்டன. நல்லது. ஆனால் அந்த நாற்காலியில் அமர்ந்தவர் மிரட்டலுக்கு ஆளாகிக் காவல்நிலையத்தில் புகார் கொடுத்தால், அந்தத் தாள் என்னவாகிறது, யார் யாருக்குத் தொலைபேசியில் பேசுகிறார்கள்? கரிசனம் மிகுந்த நண்பர்கள் அடுத்த கூட்டத்தில் இதைப் பேசட்டும். பெண்களின் மென்மையைப் பற்றிப் போதுமான அளவு கேட்டுவிட்டோம்.