ஒரு முழங்கால், இரண்டு வேலை: வீட்டில் செய்யும் பெடல் ஸ்டீல் கித்தாருக்கு ஒரு மாற்று லீவர்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஏற்றுமதி ஆடை தைக்கும் பெண்களைக் கவனித்திருக்கிறீர்களா? இரண்டு கைகளும் துணியில். பாதம் பெடலில். துணியைத் திருப்ப வேண்டிய இடம் வந்ததும் வலது முழங்கால் பக்கவாட்டில் லேசாக நகரும். மேசைக்கு அடியில் தொங்கும் ஒரு தகடு தள்ளப்பட, துணியை அழுத்திப் பிடித்திருக்கும் 'பிரஷர் ஃபுட்' மேலே எழும். கையை எடுக்கவே வேண்டாம்.

இதே வேலையை ஒரு இசைக்கருவியில் செய்தால் அதன் பெயர் பெடல் ஸ்டீல் கித்தார். தையல் மிஷினில் முழங்கால் தூக்குவது ஒரு தகட்டை. இங்கே அது தூக்குவது சுருதியை.

மேசை மாதிரி நிற்கும் கித்தார்

பெடல் ஸ்டீல் கித்தாரை மடியில் வைத்து வாசிப்பதில்லை. நான்கு கால்களோடு மேசை போல நிற்கும். வாசிப்பவர் அதன் பின்னால் உட்கார்ந்து, இடது கையில் ஒரு கனமான இரும்பு உருளையைத் தந்திகளின் மேல் வழுக்கிக்கொண்டே போக, வலது கை மீட்டும். பொதுவாகப் பத்துத் தந்திகள். கீழே மூன்று பெடல்கள். முழங்கால்களின் இருபுறமும் நான்கைந்து லீவர்கள்.

தந்தியின் மேல் உருளையை வழுக்குவது நம் ஊருக்குப் புதிதல்ல. கோட்டுவாத்தியம் என்கிற சித்திரவீணை அப்படித்தான் வாசிக்கப்படுகிறது. திருவிடைமருதூர் சகாராம ராவ், பூதலூர் கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரி என்று அதற்கு ஒரு பெரிய பரம்பரையே உண்டு. ஹவாய் கித்தாரும் இந்தியாவில் ஒரு காலத்தில் வீட்டுப் பொருள் மாதிரிதான் இருந்தது. 1940-களில் டாவ் மோ என்ற இசைக்கலைஞர் கல்கத்தாவில் தங்கிச் சொல்லிக்கொடுத்தார். இந்தி சினிமாப் பாட்டுகளை வான் ஷிப்லி அதில் வாசித்து இசைத்தட்டு போட்டார். விஸ்வ மோகன் பட் தன் மோகன வீணைக்காக 1994-ல் கிராமி விருதே வாங்கினார்.

இவர்கள் யாருக்கும் பெடல் தேவைப்படவில்லை. ராகத்துக்கு ஒரு தந்தி வழுக்கினால் போதும். சிக்கல் தொடங்குவது, மூன்று தந்திகள் ஒன்றாக ஒலிக்க வேண்டிய இடத்தில். உருளையை நகர்த்தினால் மூன்றும் சேர்ந்தே ஏறும், சேர்ந்தே இறங்கும். ஒன்று அசையாமல் நிற்க, மற்ற இரண்டு மட்டும் நகர வேண்டுமென்றால் உருளையால் ஆகாது.

ஸ்வரக் கணக்கில் சொன்னால் புரிந்துவிடும். ச-க-ப மூன்றும் ஒலித்துக்கொண்டிருக்கின்றன. பெடலை மிதித்ததும் அந்தர காந்தாரம் சுத்த மத்யமமாகிறது, பஞ்சமம் சதுஸ்ருதி தைவதமாகிறது. ஸட்ஜம் நகரவே இல்லை. ச-ம-த கேட்கிறது. இரண்டு தந்திகள் வழுக்கி ஏறும்போது மூன்றாவது நிலையாக நிற்கும் அந்த ஒரு நொடிக்காகத்தான் இந்த இயந்திரம் முழுவதும்.

முழங்காலுக்குக் கொடுத்த வேலை இன்னும் நுணுக்கமானது. வழக்கமான அமைப்பில் இடது முழங்காலை ஒரு பக்கம் தள்ளினால் ஸட்ஜத் தந்தி அரை ஸ்வரம் ஏறும். எதிர்ப்பக்கம் தள்ளினால் அரை ஸ்வரம் இறங்கி காகலி நிஷாதத்தில் நிற்கும். முழங்காலை மேலே தூக்கினால் அழுத்துவதற்கென்று சிலர் இன்னொரு லீவரும் வைத்திருப்பார்கள்.

கார் ஷெட்டில் பிறந்த கருவி

இதெல்லாம் பெரிய ஆராய்ச்சிக்கூடத்தில் உருவானது என்று நினைத்தால் தவறு. பெடல் என்ற யோசனையே ஹார்ப் வாத்தியத்திலிருந்து வந்தது. லண்டனில் செபஸ்தியன் எரார்ட் 1810-ல் பெடலால் சுருதி மாறும் ஹார்ப்புக்கு வடிவம் கொடுத்தார். அதை மனதில் வைத்துத்தான் கிப்சன் நிறுவனம் 1940 வாக்கில் தன் கருவிக்கு 'எலெக்ட்ராஹார்ப்' என்றே பெயர் வைத்தது. ஆனால் இன்று நாம் கேட்கும் கருவியை வளர்த்தவர்கள் பட்டறைக்காரர்கள். மோட்டார் சைக்கிள் வேலையும் பேட்டர்ன் வேலையும் தெரிந்த பால் பிக்ஸ்பி, கலிஃபோர்னியாவில் ஒவ்வொன்றாகக் கையால் செய்து கொடுத்தார். 1954-ல் வெப் பியர்ஸ் பாடி வெற்றி பெற்ற 'ஸ்லோலி' பாட்டில் பட் ஐசக்ஸ் பெடலை மிதித்துக்கொண்டே தந்தியை மீட்டினார். அந்தச் சத்தத்தைக் கேட்ட பிறகு அமெரிக்காவில் ஸ்டீல் கித்தார் வைத்திருந்தவர்கள் பலர் தங்கள் கருவியைத் தாங்களே அறுத்துப் பெடல் பொருத்திக்கொண்டார்கள். முழங்கால் லீவரைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்தவராகச் சொல்லப்படும் ஜேன் பெக்கும் வாசித்துக்கொண்டே கருவி செய்தவர்தான். ஷாட் ஜாக்சனும் பட்டி எம்மன்ஸும் சேர்ந்து தொடங்கிய 'ஷோ-பட்' கார் ஷெட்டில் ஆரம்பித்த கதை.

அதனால் ஆவடியிலோ பூந்தமல்லியிலோ ஒருவர் 'நானே செய்து பார்க்கிறேன்' என்று இறங்கினால் அது விபரீத ஆசை இல்லை. நல்ல கருவியை வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் வரியோடு விலை லட்சங்களில் போகும். இந்தப் பக்கத்திலோ தடுக்கி விழுந்தால் லேத் பட்டறை.

இனி விஷயம்: மாற்று லீவர்

ஐந்து லீவர் செய்ய ஐந்து பிராக்கெட், ஐந்து குறுக்குத் தண்டு, ஐந்து ஸ்டாப்பர் வேண்டும். முதல்முறை செய்பவருக்கு இது மலை. 'ஒரே லீவர், ஒரு சுவிட்ச், இரண்டு வேலை' என்ற ஆசை அங்கேதான் வருகிறது.

முதலில் ஒரு லீவர் என்ன செய்கிறது என்று பார்க்கலாம். முழங்கால் தள்ளும் தகடு, கித்தாரின் அடியில் குறுக்கே ஓடும் ஒரு தண்டைச் சுழற்றும். தண்டில் ஒரு சின்னக் கை நீட்டிக்கொண்டிருக்கும். அதில் மாட்டிய இழுகம்பி, வலது ஓரத்தில் தந்தி போய் முடியும் 'விரலை' இழுக்கும். ஒவ்வொரு தந்திக்கும் ஏற்ற ஒரு விரல், இறக்க ஒரு விரல். ஏற்றும்போது முழங்கால் தந்தியின் இழுவிசையோடு மோதுகிறது. ஒரு தந்திக்கு அது ஏறத்தாழ 10 முதல் 15 கிலோ. இறக்கும்போது மோதுவது தந்தியோடு அல்ல, விரலை அதன் இடத்தில் பிடித்துவைத்திருக்கும் ஸ்பிரிங்கோடு. ஒரே லீவர் இரண்டையும் செய்யும்போது ஒரு பக்கம் கனமாகவும் மறுபக்கம் லேசாகவும் இருந்தால் முழங்கால் ஏமாறும். கையில் மூன்று நான்கு துளைகள் போட்டுவைத்தால் இதைச் சமன்செய்யலாம். தண்டுக்கு அருகில் உள்ள துளை லேசாக இருக்கும், கம்பி கொஞ்சம்தான் நகரும். தள்ளிப்போனால் அதிகம் நகரும், கனக்கும்.

சுவிட்ச் வைக்க இரண்டு வழிகள் உண்டு.

எளியது பூட்டு. லீவரைத் தள்ளி, அந்த நிலையிலேயே ஒரு கொக்கி போட்டு நிறுத்திவிடுவது. 'யுனிவர்சல்' எனப்படும் பன்னிரண்டு தந்திக் கருவியை வாசிப்பவர்களில் சிலர் இதைத்தான் பயன்படுத்துகிறார்கள். ஸட்ஜத் தந்திகளை அரை ஸ்வரம் கீழே பூட்டிவிட்டால் இ-9 என்ற நாட்டுப்புறச் சுருதி அமைப்பு பி-6 என்ற ஜாஸ் அமைப்பாக மாறிவிடும். இல்லாவிட்டால் இரண்டு கழுத்து, இருபது தந்தி உள்ள கருவியைச் சுமக்க வேண்டும். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் ஒரு முறை மாற்றினால் போதும் என்பவருக்கு இந்தப் பூட்டு தாராளம்.

இரண்டாவது, கிளட்ச். இதன் தத்துவம் வீட்டுத் தையல் மிஷினில் இருக்கிறது. பாபினில் நூல் சுற்றும்போது சக்கரத்தின் நடுவில் உள்ள திருகைத் தளர்த்துவோம். சக்கரம் சுற்றும், ஊசி நகராது. அதே போல லீவரின் தண்டில் இரண்டு குழல்கள் சுதந்திரமாகச் சுற்றும்படி மாட்டப்படும். ஒவ்வொன்றிலும் ஒரு கை, ஒரு இழுகம்பி. நடுவில் தண்டோடு சேர்ந்து சுற்றும் ஒரு நகரும் துண்டு. இடப்பக்கம் தள்ளினால் ஒரு குழலைக் கவ்வும், வலப்பக்கம் தள்ளினால் மற்றதை. முழங்கால் ஒன்றுதான். வேலை மாறிவிட்டது.

காகிதத்தில் அழகாக இருக்கும். பட்டறையில் இதைக் கெடுப்பது 'பிளே', அதாவது ஆட்டம்.

ஒரு சின்னக் கணக்கு. கவ்வும் இடம் தண்டின் மையத்திலிருந்து 8 மில்லிமீட்டர் தூரத்தில் இருக்கிறது. லீவரின் நீளம் 120 மில்லிமீட்டர். கவ்வும் இடத்தில் வெறும் அரை மில்லிமீட்டர் இடைவெளி இருந்தாலும், முழங்கால் பக்கம் அது பதினைந்து மடங்காகும். ஏழரை மில்லிமீட்டர் தள்ளிய பிறகுதான் தந்திக்கு விஷயமே தெரியும். ஒழுங்கான லீவருக்கு மொத்தமே சில சென்டிமீட்டர் நகர்வுதான், அதில் இது பெரிய திருட்டு. லேத்காரரிடம் 'கொஞ்சம் லூசா இருந்தா பரவால்ல' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். பல்லை நேராக வெட்டாமல் லேசான சரிவாக வெட்டி, பின்னாலிருந்து ஸ்பிரிங் அழுத்தும்படி வைத்தால், தேயத் தேயத் தானே இறுகிக்கொள்ளும்.

இன்னொரு ஆபத்து இதைவிட மோசமானது. லீவர் அழுத்தியிருக்கும்போது யாராவது சுவிட்சைத் தள்ளினால்? கவ்வல் விடுபட்ட மறுநொடி, ஏறியிருந்த தந்தி 'டக்'கென்று பழைய சுருதிக்கு விழும். பாட்டின் நடுவில், ஒலிபெருக்கி வழியாக. இதற்குத் தீர்வு, தண்டில் ஒரு சின்ன வட்டத் தகடு. அதன் விளிம்பில் ஒரே ஒரு வெட்டு. லீவர் முழு ஓய்வில் இருந்தால் மட்டுமே சுவிட்சின் முனை அந்த வெட்டுக்குள் நுழையும். மற்ற நேரம் நகரவே நகராது. பத்து ரூபாய் தகடுதான், ஆனால் இதைச் செய்யாமல் கிளட்ச் வைப்பதைவிட வைக்காமலே இருப்பது நல்லது.

நரம்புக்குச் சைக்கிள், தண்டுக்கு லேத்

ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. சைக்கிள்களால் பெயர் பெற்ற டி.ஐ. சைக்கிள்ஸ் 1949-ல் தொடங்கியது அம்பத்தூரில்தான். அந்தப் பாசத்துக்காக இல்லாவிட்டாலும், சைக்கிள் கடைக்கு ஒரு நடை போகலாம். ஸ்போக்ஸ் கம்பி சுமார் 2 மில்லிமீட்டர் தடிமன், இழுத்தால் நீளாது, ஒரு முனையில் மரையும் அதற்கு நிப்பிளும் தயாராக இருக்கும். இழுகம்பியின் முனையில் வேண்டியது அதுதான். நிப்பிளைத் திருகினால் தந்தி எவ்வளவு ஏறி நிற்க வேண்டும் என்பதைத் துல்லியமாக வைக்கலாம். லீவர் போய் இடிக்கும் ஸ்டாப்பர் ஒன்றாகவே இருந்தாலும், இரண்டு வேலைக்கும் தனித்தனி நிப்பிள் இருப்பதால் இரண்டு சுருதியையும் தனித்தனியாகச் சரிசெய்ய முடியும். வலது முழங்காலுக்கு ஒரு ஸ்போக்ஸ் நீளம் எட்டிவிடும். இடது முழங்காலுக்கு எட்டாது, அங்கே அதே தடிமனில் நீளமான கம்பி வாங்கி மரை போட வேண்டும்.

பிரேக் ஒயர் போடலாமா என்று கேட்பார்கள். போட்டிருக்கிறார்கள். 1950-களின் பிற்பகுதியில் வந்த ஃபெண்டர் 1000 கருவி கேபிளில்தான் ஓடியது. வளைத்து எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோகலாம் என்பது வசதி. ஆனால் முறுக்கிய ஒயர் சற்று நீளும், அந்த நீட்சியும் ஒரு பிளேதான். பெடலுக்கு அது பொறுத்துக்கொள்ளும். கிளட்ச் வைத்த முழங்கால் லீவருக்கு நேர்க்கம்பிதான் சரி.

குறுக்குத் தண்டை உருண்டையாக எடுக்காமல் ஆறுபட்டை ராடாக எடுத்தால் நடுத்துண்டு வழுக்காமல் சேர்ந்து சுற்றும். குழல்கள் உட்காரும் இரண்டு இடங்களை மட்டும் லேத்தில் உருட்டிக்கொள்ளலாம். பலகை வளையாமல் இருப்பது முக்கியம். பத்துத் தந்தியும் சேர்ந்தால் நூறு கிலோவுக்கு மேல் இழுவிசை. லீவரை அழுத்தும்போது பலகை மயிரிழை வளைந்தாலும் தொடாத தந்திகளும் சுருதி இறங்கும். லீவர் பிராக்கெட்டைப் பலகையின் நடுவில் அல்ல, ஓரத்துச் சட்டத்துக்குப் பக்கத்தில் திருக வேண்டியது இதனால்தான்.

எதை முதலில் செய்வது?

சுவிட்ச் இல்லாத ஒரே லீவரை. ஸட்ஜத்தை அரை ஸ்வரம் இறக்கும் லீவர் போதும். அதைச் செய்ததும் கைபேசியில் டியூனர் செயலியைத் திறந்து, தந்தியைச் சரியாகச் சுருதி சேர்த்து, லீவரை இருபது முறை தள்ளித் தள்ளி விடுங்கள். ஒவ்வொரு முறையும் முள் அதே இடத்துக்குத் திரும்புகிறதா என்று பாருங்கள். அரை ஸ்வரம் என்பது 100 சென்ட். இரண்டு மூன்று சென்ட் வித்தியாசத்தைக் காது மன்னிக்கும், பத்து சென்ட்டை மன்னிக்காது. திரும்பவில்லையென்றால் முதல் சந்தேகம் விரலை இழுத்துப் பிடிக்கும் ஸ்பிரிங் மேல். அடுத்தது, இடது ஓரத்தில் தந்தி உட்காரும் பள்ளம். அங்கே உராய்வு இருந்தால் தந்தி பாதி வழியில் சிக்கி நிற்கும். உருளும் சின்னச் சக்கரம் ஒன்றை அங்கே வைத்தால் சரியாகும்.

இருபதுக்கு இருபது சரியாக வந்த பிறகு பூட்டு போடலாம். ஒரு கொக்கி, ஒரு திருகு, அரை நாள் வேலை. கிளட்சுக்கான ஆறுபட்டை ராடை அதற்குப் பிறகு லேத்துக்குக் கொண்டுபோனால் போதும்.