சிதம்பரத்துக்குப் பக்கத்துல ஒரு 'பல்கலைக்கழக ஊர்'... அண்ணாமலை நகரின் எதிர்காலம் என்ன?

சிதம்பரம் ரயில் நிலையத்துல இறங்கி மேற்குப் பக்கம் போனா நடராஜர் கோயில். கிழக்குப் பக்கம் தண்டவாளத்தைத் தாண்டினா அண்ணாமலை நகர். வெளியூர்க்காரங்களுக்கு ரெண்டுமே 'சிதம்பரம்'தான். ஆனால் நிர்வாகத்தில் இவை இரண்டு ஊர்கள். சிதம்பரம் ஒரு நகராட்சி. அண்ணாமலை நகர் தனிப் பேரூராட்சி.

கோயிலைச் சுற்றி வளர்ந்த ஊர் ஒன்று, பல்கலைக்கழகத்தைச் சுற்றி வளர்ந்த ஊர் இன்னொன்று. இரண்டாவது ஊருக்கு கடந்த பத்துப் பதினைந்து வருடங்களாகவே ஒரு சிக்கல் இருக்கு. அது என்னன்னு பார்ப்போம்.

இந்த ஊர் எப்படி உருவானது?

செட்டிநாட்டைச் சேர்ந்த அண்ணாமலைச் செட்டியார், 1920-ல் சிதம்பரத்தில் மீனாட்சி கல்லூரியைத் தொடங்கினார். அவர் நடத்திய கல்வி நிறுவனங்களை ஒன்றிணைத்து 1929-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் உருவானது. பெரிய நகரத்தில் இல்லாமல், ஒரு கோயில் ஊரின் ஓரத்தில், மாணவர்கள் அங்கேயே தங்கிப் படிக்கிற மாதிரி ஒரு பல்கலைக்கழகம். அந்தக் காலத்தில் இது பெரிய விஷயம்.

தமிழிசை இயக்கத்துக்கு இந்த ஊர் ஒரு முக்கியத் தளம். நெடுஞ்செழியன், அன்பழகன் போன்ற திராவிட இயக்கத் தலைவர்கள் படித்ததும் இங்கேதான். 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் மாணவர் ராஜேந்திரன் போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் உயிரிழந்ததும் இதே ஊரில்தான்.

அப்போ சிக்கல் எங்கே?

ஊரின் வருமானம் முழுக்க ஒரே வாசலை நம்பி இருந்தது. 1979-ல் தொடங்கிய தொலைதூரக் கல்வி பெரிதாக வளர்ந்தது. அதிலிருந்து வந்த பணத்தை நம்பி வேலைக்கு ஆள் எடுப்பதும் கூடிக்கொண்டே போனது. ஆசிரியர், ஊழியர் எண்ணிக்கை 12 ஆயிரத்தைத் தாண்டியது. ஒரு கட்டத்தில் சம்பளம் கொடுக்கவே திணறல். 2013-ல் தமிழ்நாடு அரசு தனிச் சட்டம் கொண்டுவந்து பல்கலைக்கழகத்தைத் தன் கட்டுப்பாட்டில் எடுத்தது.

அதன் பிறகு நடந்தவை, சுருக்கமாக:

• தேவைக்கு அதிகம் என்று கணக்கிடப்பட்ட ஆசிரியர்களும் ஊழியர்களும் மற்ற அரசுக் கல்லூரிகளுக்கும் துறைகளுக்கும் மாற்றப்பட்டார்கள்.

• ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியில் மற்ற அரசுக் கல்லூரிகளைவிடப் பல மடங்கு கட்டணம் வாங்குவதை எதிர்த்து மாணவர்கள் போராடினார்கள். 2021-ல் அது சுகாதாரத் துறைக்கு மாற்றப்பட்டு, கடலூர் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரியானது.

• அதே 2021-ல் கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி, மயிலாடுதுறை மாவட்டக் கல்லூரிகளை இந்தப் பல்கலைக்கழகத்துடன் இணைக்கச் சட்டம் திருத்தப்பட்டது.

• 2014-15 கல்வியாண்டுக்குப் பிறகு இங்கு நடத்தப்பட்ட தொலைதூரப் படிப்புகளுக்கு அங்கீகாரம் இல்லை என்று 2022-ல் யுஜிசி அறிவித்தது.

இவை பெரும்பாலும் பல்கலைக்கழகத்தின் கணக்கைச் சரிசெய்ய எடுத்த முடிவுகள். சில முடிவுகள் தேவையானவையும்கூட. ஆனா ஒரு ஊழியர் குடும்பம் இடம் மாறிப் போகும்போது ஒரு வாடகை வீடு காலியாகுது. மளிகைக் கடையில ஒரு மாதக் கணக்கு குறையுது. மெஸ், ஜெராக்ஸ் கடை, ஆட்டோ ஸ்டாண்ட் எல்லாமே அந்த வாசலைத்தான் பார்த்துக்கிட்டு இருக்கு. பல்கலைக்கழகத்தின் கணக்கைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு ஊரின் கணக்கைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

பிரான்ஸில் இப்படி ஒரு ஊர்

பிரான்ஸின் வடக்கே லீல் என்ற பெருநகரம் இருக்கு. அதை ஒட்டிய புறநகர் வில்னவ்-தாஸ்க். மக்கள்தொகை சுமார் 60 ஆயிரம். 2011 கணக்கெடுப்புப்படி சிதம்பரத்தின் மக்கள்தொகையும் 62 ஆயிரம்தான்.

1960-களில் லீல் பல்கலைக்கழகத்தின் அறிவியல் வளாகம் நகரத்திலிருந்து இங்கே இடம் மாறியது. 1970-ல் மூன்று கிராமங்களை இணைத்து இந்த ஊரை உருவாக்கினார்கள். இதுவும் பல்கலைக்கழகத்தை ஒட்டி வளர்ந்த புறநகர்தான்.

ஆனால் அங்கே வளாகத்தைக் கட்டியதோடு நிறுத்தவில்லை. 1983-ல் இந்த ஊரையும் லீலையும் இணைத்து, ஓட்டுநர் இல்லாமல் தானாக ஓடும் மெட்ரோ வந்தது. பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்திலேயே ஆராய்ச்சி நிறுவனங்களுக்கான பூங்கா வந்தது. நம்ம ஊர் மால்களிலும் பார்க்கிற டெகாத்லான் நிறுவனத்தின் தலைமையகம் இந்த ஊரில்தான் இருக்கு. லீலைச் சுற்றியுள்ள 90-க்கும் மேற்பட்ட ஊராட்சிகள் போக்குவரத்து, குப்பை, திட்டமிடல் போன்றவற்றை ஒரே கூட்டமைப்பின் கீழ் கவனிக்கின்றன.

அந்த ஊருக்குப் பின்னால் பிரான்ஸ் அரசின் புதுநகரத் திட்டமும் பணமும் இருந்தன. அதை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. ஆனா ஒரு பாடம் எடுத்துக்கலாம்: பல்கலைக்கழகம் ஊரைத் தொடங்கி வைக்கலாம். ஊர் நிலைச்சு நிக்கணும்னா ரெண்டாவது ஒரு காரணம் வேணும்.

அண்ணாமலை நகருக்கு அந்த ரெண்டாவது காரணம் எது?

கையில் இருப்பதிலிருந்தே தொடங்கலாம்.

*ஒன்று, மருத்துவமனை.* அரசு மருத்துவக் கல்லூரி ஆனதால், மாணவர் சேர்க்கை கூடினாலும் குறைந்தாலும் மக்கள் வந்துகொண்டே இருக்கிற இடம் அது. கடலூர் மாவட்டத்தின் தென்பகுதியில் பெரிய சிகிச்சைக்குப் புதுச்சேரி ஜிப்மர் வரை போகிற குடும்பங்கள் நிறைய. இந்த மருத்துவமனை வலுவானால் அந்த அலைச்சல் குறையும், ஊருக்கும் பிழைப்பு.

*இரண்டு, ஆராய்ச்சி.* இங்குள்ள வேளாண் புலத்தைச் சுற்றி காவிரியின் கடைமடை வயல்கள். பரங்கிப்பேட்டையில் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம். பக்கத்திலேயே பிச்சாவரம் அலையாத்திக் காடு. புயலும் வெள்ளமும் அடிக்கடி வரும் இந்தக் கடற்கரைக்கு வேண்டிய படிப்பு இங்கேயே இருக்கு. அந்தப் படிப்பை ஒட்டிய தொழில்கள்தான் போதுமான அளவு வரவில்லை. விழுப்புரம் மாவட்டம் வானூர் பக்கம் 2024-ல் மினி டைடல் பூங்கா திறந்தார்கள். பொறியியல் புலமே இருக்கிற ஊரில் அப்படி ஒன்று ஏன் கூடாது?

*மூன்று, சேர்ந்து திட்டமிடுதல்.* மழைத்தண்ணிக்கு நகராட்சி எல்லை, பேரூராட்சி எல்லை எல்லாம் தெரியாது. இரண்டு அமைப்புகளும் பல்கலைக்கழகமும் ஒரே மேஜையில் உட்கார்ந்தால்தான் வடிகால், சாலை, பேருந்து எல்லாவற்றுக்கும் ஒரே வரைபடம் போட முடியும்.

ஏன் இப்போது பேசணும்?

2029-ல் பல்கலைக்கழகத்துக்கு நூறு வயது. விழா நடக்கும், மலர் வெளியிடுவார்கள். ஆனா படிப்பு முடிஞ்சதும் பெட்டியைக் கட்டிக்கிட்டு சென்னைக்கோ பெங்களூருக்கோ ரயில் ஏறுற பிள்ளைங்கள்ல கொஞ்சம் பேராவது இங்கேயே வேலை கிடைச்சுத் தங்கினால், இந்த ஊருக்கு அதைவிடப் பெரிய நூற்றாண்டு விழா இருக்காது.