பச்சைப் புள்ளியை நம்பி ஓடிய என் தம்பி



தம்பி கை எப்படி இருக்கிறது என்று தினமும் நாலைந்து பேர் கேட்கிறீர்கள். மாவுக்கட்டு பிரித்தாயிற்று. விரல்களை மடக்குகிறான், ஆனால் வாளியைத் தூக்க இன்னும் முடியவில்லை. தனித்தனியாகப் பதில் எழுத முடியாததால் இங்கே எழுதுகிறேன். கை உடைந்த கதையையும் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. உங்களில் சிலர் மொபைல் செயலி செய்கிற வேலையில் இருக்கிறீர்கள். பலர் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், வல்லம் பக்கத்துக் கம்பெனிகளில் இருக்கிறீர்கள். இன்னும் பலர் வீட்டுப் பெண்பிள்ளைகள் ஷிப்டுக்குப் போகிறார்கள். கொஞ்சம் நீளமான பதிவுதான். ஒரு பீரியட் உட்கார்ந்ததாக நினைத்துப் பொறுமையாகப் படியுங்கள்.

தம்பி மகள் ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறாள். இரண்டாம் ஷிப்ட் இரவு 10 மணிக்கு முடியும். வேலையாட்களை ஏற்றி இறக்க ஒப்பந்தப் பேருந்து. அந்தப் பேருந்து எங்கே வருகிறது என்று வீட்டில் இருப்பவர்கள் பார்த்துக்கொள்ள ஒரு செயலி. ஓட்டுநரின் போனில் அது ஓடும். பேருந்து நகர நகர, நம் போனில் ஒரு பச்சைப் புள்ளி நகரும்.

போன ஐப்பசியில் நல்ல மழை இரவு. 10.42 வரை நகர்ந்த புள்ளி, வாலாஜாபாத் சாலையில் ஆளில்லாத ஓர் இடத்தில் நின்றுவிட்டது. 11 மணி ஆயிற்று, நகரவில்லை. 11.15 ஆயிற்று, அப்போதும் நகரவில்லை. பிள்ளையின் போனில் சார்ஜ் இல்லை. ஓட்டுநர் போனை எடுக்கவில்லை. தம்பி மனைவி எனக்குப் போன் செய்து, "மாமா, பஸ் அரை மணி நேரமா ஒரே இடத்துல நிக்குது, எனக்குக் கை கால் ஆடுது" என்று அழுதாள். நான் சமாதானம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே தம்பி வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான். தண்ணீருக்கடியில் இருந்த பள்ளம் தெரியவில்லை. விழுந்ததில் மணிக்கட்டு எலும்பு முறிந்தது.

பிள்ளை 11.35-க்குப் பத்திரமாக வீடு வந்து சேர்ந்தாள். பேருந்து எங்கேயும் நிற்கவில்லை. மழையில் மெதுவாக ஊர்ந்து வந்துகொண்டுதான் இருந்தது. நின்றது செயலி மட்டும்தான். ஆனால் புள்ளி பச்சையாகவே இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தம்பியைப் பார்க்க என் பழைய மாணவன் ஒருவன் வந்தான். சென்னையில் இதே மாதிரி செயலிகள் செய்கிறவன். ஓட்டுநரும் நல்ல மனிதர். தானே வந்து வருத்தம் சொல்லி, போனைக் கையில் கொடுத்தார். மாணவன் பார்த்துவிட்டுச் சொன்னான்: "சார், பேட்டரி சேமிப்பு போட்டிருக்காரு. ஸ்கிரீன் அணைஞ்சதும் போன் இந்த ஆப்பைத் தூங்க வெச்சிருச்சு."

போன் அப்படிச் செய்யலாமா என்று கேட்டேன். அவன் விளக்கியதையும் பிறகு நானே படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

திரையில் தெரியாதபோதும் ஒரு செயலி உள்ளே செய்துகொண்டிருக்கும் வேலைக்குப் பின்னணி வேலை என்று பெயர். எல்லாச் செயலிகளும் இப்படி ஓட ஆசைப்பட்டால் மத்தியானத்துக்குள் சார்ஜ் தீர்ந்துவிடும். அதனால் 2015-ல் ஆண்ட்ராய்டு 6 வந்தபோது, அசையாமல் கிடக்கும் போனில் செயலிகளைத் தூங்க வைக்கும் ஏற்பாடு வந்தது. 2016-ல் ஆண்ட்ராய்டு 7 அதைச் சட்டைப்பையில் நகரும் போனுக்கும் கொண்டுவந்தது. 2017-ல் ஆண்ட்ராய்டு 8 இன்னும் கடுமை. பின்னணியில் இருக்கும் செயலிக்கு, இருக்கும் இடத்தை ஒரு மணி நேரத்துக்கு ஒருசில முறைதான் போன் சொல்லும். இடைவிடாமல் வேண்டுமென்றால், 'நான் ஓடிக்கொண்டிருக்கிறேன்' என்று மேலே ஓர் அறிவிப்பைக் காட்டிக்கொண்டே ஓட வேண்டும். 2019-ல் ஆண்ட்ராய்டு 10-லிருந்து 'எப்போதும் என் இடத்தை அறியலாம்' என்று நாம் தனியாக அனுமதி கொடுக்க வேண்டும். இவை போதாதென்று சில போன் கம்பெனிகள் தங்கள் சொந்தக் கட்டுப்பாட்டையும் சேர்க்கின்றன. ஐபோன் இதில் ஆரம்பத்திலிருந்தே கறார்.

இந்தக் கறாரை அரசாங்கங்களாலேயே மீற முடியவில்லை. 2020 மார்ச்சில் கொரோனா தொடர்பைக் கண்டறிய சிங்கப்பூர் அரசு 'டிரேஸ்டுகெதர்' செயலியைக் கொண்டுவந்தது. ஐபோனில் அது சரியாக வேலை செய்ய, செயலியைத் திரையில் திறந்தே வைத்திருக்க வேண்டியிருந்தது. அங்கே இருக்கும் நம் சொந்தக்காரர்களுக்கு நினைவிருக்கும். கடைசியில் ஆப்பிளும் கூகுளும் சேர்ந்து அந்த மே மாதம் ஒரு தனி வழியைத் திறந்துவிட்டார்கள். அரசாங்கத்துக்கே இந்தப் பாடு என்றால் ஒரு பேருந்துச் செயலி எம்மாத்திரம்?

ஆகவே போன் மீது எனக்குக் கோபமில்லை. நிறுத்துவதற்கு அதற்கு உரிமை உண்டு, காரணமும் உண்டு. மாணவன், "செட்டிங்ஸ்ல பேட்டரி கட்டுப்பாட்டை எடுத்துட்டா சரியாயிடும் சார்" என்றான். அது பாதி மருந்துதான் என்றேன். டவர் கிடைக்காமல் போகலாம், சார்ஜ் தீரலாம், ஓட்டுநர் கைதவறி மூடிவிடலாம். எந்த நேரமும் நிற்கலாம் என்று எதிர்பார்த்துச் செய்யப்பட்ட செயலிதான் பாதுகாப்பான செயலி.

பள்ளியில் அலுவலக உதவியாளரிடம் தபாலைக் கொடுத்துக் காஞ்சிபுரம் அனுப்புவோம். வழியில் பஸ் கெட்டுப்போவது அவர் குற்றமில்லை. சாயங்காலம் வரை அவரிடமிருந்து தகவலே இல்லை என்றால், பதிவேட்டில் 'சேர்ந்தது' என்று நான் எழுதினால் அது என் குற்றம். நின்றுபோன செயலி தானாக வந்து நின்றேன் என்று சொல்லாது. அதைக் கவனித்துச் சொல்ல வேண்டியது தகவலைப் பெறுகிற பக்கம். மூன்று நிமிடம் சேதி வரவில்லையா? பச்சைப் புள்ளி சாம்பல் நிறமாகட்டும். அதன் கீழே 'கடைசியாகத் தெரிந்தது இரவு 10.42' என்று ஒரு வரி வரட்டும். அந்த ஒரு வரி இருந்திருந்தால் தம்பி மனைவி, "நெட் போயிடுச்சு போல" என்று இன்னும் கொஞ்சம் காத்திருப்பாள். தம்பி கை தப்பியிருக்கும்.

நேர்மாறாகவும் யோசித்துப் பாருங்கள். வேறொரு நாள் பேருந்துக்கு உண்மையிலேயே ஏதாவது ஆகி, புள்ளி மட்டும் பச்சையாக இருந்தால்? வீட்டில் எல்லோரும் நிம்மதியாகத் தூங்கியிருப்போம். அதை நினைத்தால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

செயலி செய்யும் பிள்ளைகளுக்கு இன்னும் இரண்டு வார்த்தை. நின்ற வேலை மறுபடி தொடங்கும்போது அதே காரியத்தை இரண்டு முறை செய்துவிடக் கூடாது. சாதத்துக்கு உப்பு போட்டோமா என்று சந்தேகம் வந்தால் ருசி பார்ப்போம், மறுபடி கொட்ட மாட்டோம். யு.பி.ஐ.யில் ஒவ்வொரு பணப் பரிமாற்றத்துக்கும் 12 இலக்க எண் இருக்கிறதே, அதை வைத்துப் பணம் போனதா என்று பார்க்கிறோம். வருகைப் பதிவோ விடுப்பு விண்ணப்பமோ பின்னணியில் அனுப்பும்போதும் அப்படி ஓர் அடையாள எண் கொடுங்கள். நெட் வந்த பிறகு போனால் போதும் என்கிற அவசரமில்லாத வேலையைப் போனிடமே ஒப்படையுங்கள். அதற்கென்றே ஆண்ட்ராய்டில் 'ஒர்க்மேனேஜர்' இருக்கிறது. போன் அணைந்து எழுந்தாலும் அது வேலையை மறக்காது.

கம்பெனிகளில் மனிதவளம், போக்குவரத்துப் பிரிவுகளில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒன்று. பேருந்தைப் பின்தொடருங்கள், பிள்ளையைப் பின்தொடராதீர்கள். 2020 மே 1-ல் ஆரோக்கிய சேது செயலி எல்லா ஊழியர்களுக்கும் கட்டாயம் என்று மத்திய அரசு உத்தரவு போட்டதும், மே 17-ல் அதை 'இயன்றவரை' என்று தளர்த்தியதும் உங்களுக்குத் தெரியும். ஒருவர் எங்கே போகிறார் என்பது அவருடைய சொந்த விஷயம். கடைசிப் பயணி இறங்கியதும் செயலி தானே நிற்க வேண்டும். ஓட்டுநர் வீட்டுக்குப் போன பிறகும் அவர் பின்னாலேயே போகக் கூடாது.

உறவினர்களே, நீங்கள் புள்ளியைப் பார்க்குமுன் நேரத்தைப் பாருங்கள். நேரம் காட்டாத செயலியை முழுதாக நம்பாதீர்கள். ஓட்டுநர் எண்ணோடு கூட வரும் இன்னொரு பிள்ளையின் எண்ணையும் வாங்கி வையுங்கள். ஆபத்து என்று மனதில் பட்டால் 112-ஐக் கூப்பிடுங்கள். மழையில் வண்டியை எடுக்காதீர்கள்.

இந்த வட்டாரத்துக்குப் போன் புதிதல்ல. 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை தொடங்கியபோது என் மாணவிகள் பலர் அங்கே சேர்ந்தார்கள். 2014 நவம்பரில் அது மூடியபோது அவர்கள் கண்கலங்கியதையும் பார்த்தேன். இன்று பாக்ஸ்கானில் ஐபோன் பூட்டுகிறவர்களும் நம் ஊர்ப் பிள்ளைகள்தான். உலகத்துக்குப் போன் செய்து கொடுக்கிற கைகள், நள்ளிரவில் வீடு திரும்பும்போது ஒரு பொய்ப் புள்ளியை நம்ப வேண்டியிருப்பது நியாயமா?

அந்தப் பேருந்து ஒப்பந்தக்காரருக்கு இதையெல்லாம் கடிதமாக எழுதிக் கொடுத்திருக்கிறேன். பார்க்கிறோம் என்றார்கள். என் மாணவன் இலவசமாகவே திருத்தித் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறான். நடந்தால் இங்கேயே எழுதுகிறேன். நடக்காவிட்டாலும் எழுதுவேன்.

எல்லோரும் நலமாக இருங்கள். இரவு ஷிப்ட் போகிற பிள்ளைகள் போனில் சார்ஜ் போட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

அன்புடன்,
உங்கள் அறிவியல் சார்