நிலக்கரி போனாலும் நிலக்கரி அறிவு போகக்கூடாது

நிலக்கரியை ஒருநாள் கைவிட்டாக வேண்டும் என்பதில் இன்று பெரிய கருத்து வேறுபாடு இல்லை. எப்போது, எவ்வளவு வேகத்தில் என்பதில்தான் சண்டை. இதையொட்டி இன்னொரு எண்ணமும் சத்தமில்லாமல் வேர்பிடித்து வருகிறது: போகப்போகிற பொருளைப் பற்றி ஆராய்ச்சி எதற்கு? நிலவியல் படிக்கும் பிள்ளைகளை லித்தியத்தின் பக்கமும் அரிய மண் தனிமங்களின் பக்கமும் திருப்பிவிட்டால் போதாதா? கேட்டவுடன் நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் இந்தியா 2024-25 நிதியாண்டில் மட்டும் 100 கோடி டன்னுக்கு மேல் நிலக்கரி வெட்டியெடுத்திருக்கிறது. நம் அனல் மின் நிலையங்களுக்குப் போகும் கரியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சாம்பலாக மிஞ்சுகிறது. கடைசி உலையை அணைத்த பிறகும் அந்தச் சாம்பல் இங்கேயேதான் கிடக்கப்போகிறது. அதில் என்ன இருக்கிறது, எது நீரில் கரையும், எது கரையாது என்று சொல்ல, அந்தக் கரி எப்படி உருவானது என்பதைப் படித்த ஆள் வேண்டும்.

அப்படிப்பட்ட ஆள் என்ன செய்வார் என்பதற்கு ராபர்ட் ஃபிங்கெல்மேனின் ஆராய்ச்சி வாழ்க்கை நல்ல சான்று. அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறையில் நெடுங்காலம் பணிபுரிந்தவர். 1980இல் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்காக அவர் எடுத்துக்கொண்ட கேள்வி வெளியாருக்கு அற்பமாகத் தோன்றும்: நிலக்கரியில் மிகச் சிறிதளவே இருக்கும் தனிமங்கள் அதற்குள் எந்த வடிவில் இருக்கின்றன? எவ்வளவு ஆர்சனிக் இருக்கிறது என்பதை எந்தச் சோதனைக் கூடமும் சொல்லிவிடும். அது பைரைட் என்ற இரும்புக் கந்தகக் கனிமத்துக்குள் அடைபட்டிருக்கிறதா, கரியின் கரிமப் பொருளோடே பிணைந்திருக்கிறதா என்பது வேறு கேள்வி. பைரைட்டில் இருந்தால் கரியைக் கழுவும்போது கணிசமான பகுதி போய்விடும். கரிமப் பொருளோடு பிணைந்திருந்தால் எத்தனை முறை கழுவினாலும் போகாது, எரிக்கும்போது புகையோடு வெளியேறும். இந்த வேறுபாட்டைப் பிடிக்க, மெருகேற்றிய கரித்துண்டை மின்னணு நுண்ணோக்கியின் கீழ் வைத்து, கண்ணுக்குத் தெரியாத கனிமத் துகள்களை ஒவ்வொன்றாக அடையாளம் காண வேண்டும். நிதி ஒதுக்கும் குழுவின் முன் இதற்கு உடனடிப் பயன் காட்டுவது கடினம்.

பயன் வேறொரு நாட்டில் தெரிந்தது. தென்மேற்குச் சீனாவின் குய்சோ மாகாணத்தில் அறுவடைக் காலம் குளிரும் ஈரமுமாக இருக்கும். வெயிலில் எதையும் உலர்த்த முடியாது. விறகும் அருகிப்போனதால் கிராமத்தார் வீட்டுக்குள் புகைபோக்கி இல்லாத அடுப்பில் நிலக்கரியை எரித்து, அதற்கு மேலே மிளகாயையும் மக்காச்சோளத்தையும் தொங்கவிட்டு உலர்த்தினார்கள். நாளடைவில் அவர்களின் உள்ளங்கையிலும் பாதத்திலும் தோல் தடித்து முடிச்சு முடிச்சாகக் கிளம்பியது. உடலில் கருந்திட்டுகள் படர்ந்தன. சிலருக்கு அது தோல் புற்றுநோயாகவும் முற்றியது. சீன அறிவியலாளர் ஜெங் பாவோஷானும் ஃபிங்கெல்மேனும் அவர்களோடு பணிபுரிந்தவர்களும் 1999இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஆர்சனிக் நஞ்சால் பாதிக்கப்பட்டவர்கள் குறைந்தது 3,000 பேர். புது மிளகாயில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்த ஆர்சனிக், அந்த அடுப்பின் மேல் காய்ந்த மிளகாயில் 500 பங்காக ஏறியிருந்தது. கரியிலேயே சில மாதிரிகளில் எடையில் 3.5 சதவீதம் வரை ஆர்சனிக். அதுவும் பாடநூல் சொல்லும் பைரைட்டில் இல்லை, பெரும்பாலும் கரிமப் பொருளோடு பிணைந்திருந்தது. முக்கியமான செய்தி இன்னொன்று உண்டு. இந்த நச்சுக் கரி மாகாணம் முழுவதும் பரவியிருக்கவில்லை, சிற்சில படுகைகளில் மட்டுமே இருந்தது. கரியை அடியோடு கைவிட வழியில்லாத ஏழைக் குடும்பத்துக்கு, எந்தக் குழியின் கரியைத் தொடக்கூடாது என்று சொல்வதே பெரிய உதவி. அதற்காக, களத்திலேயே கரியைச் சோதிக்கும் எளிய சோதனைப் பெட்டி ஒன்றும் பின்னர் உருவாக்கப்பட்டது.

அரிசி வாங்கப் போனால் பச்சரிசியா, புழுங்கலா என்று கேட்கிறோம். கரியை மட்டும் ஒரே சரக்காக எண்ணிப் பேசுகிறோம். அது எந்தக் காலத்தில், எந்தச் சதுப்பில், எந்த நீரின் அடியில் மக்கியது என்பதைப் பொறுத்துத்தான் அதன் குணம். மரத்தின் லிக்னினைத் தின்னும் பூஞ்சைகள் அப்போது தோன்றவில்லை, அதனால்தான் கார்பானிஃபெரஸ் காலத்தில் மரங்கள் மக்காமல் கரியாகக் குவிந்தன என்றொரு சுவையான விளக்கம் வெகுகாலம் உலவியது. அமெரிக்க ஆய்வாளர்கள் 2016இல் சான்றுகளை அடுக்கி அதை மறுத்தார்கள்: ஈரமான வெப்பமண்டலச் சூழலும், கண்டங்கள் மோதியபோது தொடர்ந்து அமிழ்ந்துகொண்டே இருந்த நிலப்பரப்புகளும் சேர்ந்ததே காரணம் என்றார்கள். இந்தியாவின் கரி அந்தக் காலத்தைச் சேர்ந்ததும் அல்ல. ஜாரியா, ராணிகஞ்ச், தால்சேர் கரிப்படுகைகள் அதற்கடுத்த பெர்மியன் காலத்தில், கோண்டுவானாப் பெருநிலத்தில், குளோசோப்டெரிஸ் தாவரங்கள் நிறைந்த நன்னீர்ச் சதுப்புகளில் உருவானவை. ஆறுகள் கொண்டுவந்த வண்டல் கரியோடு இழையிழையாகக் கலந்துவிட்டதால் சாம்பல் அதிகம். கழுவினாலும் எளிதில் பிரியாது. கடல்நீர் புகாததால் கந்தகம் குறைவு. அசாமின் மாக்கும் கரியோ வெகு பிற்காலத்தது. கடலின் செல்வாக்கில் உருவானதால் அதில் கந்தகம் பல மடங்கு.

இந்தப் பழங்கதை இன்றைய கொள்கைக்குள் நேரடியாக வந்து நிற்கிறது. கந்தக டைஆக்சைடைக் கட்டுப்படுத்த 2015 டிசம்பரில் மத்திய அரசு வரம்பு விதித்தது. கெடு தள்ளித் தள்ளிப் போய், 2025 ஜூலையில் பெரும்பாலான அனல் மின் நிலையங்களுக்குக் கந்தக நீக்கக் கருவியிலிருந்து விலக்கே கிடைத்துவிட்டது. விலக்கை ஆதரித்தவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று, இந்தியக் கரியில் கந்தகம் குறைவு என்பது. உண்மைதான். ஆனால் இது பாதி நிலவியல். நம் கரியில் சாம்பல் அதிகம், வெப்பத்திறன் குறைவு. ஒரு யூனிட் மின்சாரத்துக்குக் கூடுதல் கரியைக் கொட்ட வேண்டும். அப்போது எரியும் கந்தகத்தின் மொத்த அளவும் கூடுகிறது. சதவீதத்தை மட்டும் பார்ப்பது கண்ணைக் கட்டிக்கொள்வதுதான். பாதரசம் என்னவாகும், நுண்சாம்பல் எங்கே போகும் என்ற கேள்விகளும் அப்படியே நிற்கின்றன. விலக்கு சரியா தவறா என்பதைப் படுகை வாரியான தரவை வைத்துக்கொண்டு விவாதிக்கலாம். நாடு முழுமைக்கும் ஒரே சராசரியை வைத்து முடிவெடுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

இந்த அறிவு சுரங்க முதலாளிகளுக்காக வளர்ந்ததுதானே என்று சுற்றுச்சூழல் ஆர்வலர்கள் கேட்பார்கள். ஆமாம், பெரிதும் அதற்காகத்தான். உருக்காலைக்கு எந்தக் கரி ஏற்றது, எந்தப் படுகையில் எவ்வளவு கிடைக்கும் என்பதற்காகவே இந்தத் துறைக்குக் காசு வந்தது. குய்சோவில் நஞ்சின் ஊற்றைக் கண்டுபிடித்ததும் அதே நுண்ணோக்கிதான். இதைவிடக் கடினமான ஆட்சேபம் வேறு: இந்த ஆய்வாளர்களின் ஊகம் எப்போதும் பலிப்பதில்லை. பால்கன் நாடுகளில் டான்யூப் நதியின் கிளையாறுகளை ஒட்டிய கிராமங்களில் தலைமுறை தலைமுறையாகச் சிறுநீரகம் செயலிழந்து வந்தது. அருகிலுள்ள பழுப்பு நிலக்கரியிலிருந்து கிணற்று நீரில் கரையும் கரிமப் பொருள்களே காரணமாக இருக்கலாம் என்று 1991இல் ஃபிங்கெல்மேன் உள்ளிட்ட குழு கருதியது. கடைசியில் 2007இல் வந்த சான்றுகள் வேறு பக்கம் கைகாட்டின: கோதுமை வயலில் களையாக வளரும் ஆடுதீண்டாப்பாளை இனச் செடியின் விதை மாவில் கலந்து, அதிலுள்ள அரிஸ்டோலோகிக் அமிலம்தான் சிறுநீரகத்தைக் கெடுத்தது. பொய்த்துப்போன கருதுகோள் என்று இதை ஒதுக்கலாம். நீரையும் மண்ணையும் கரியையும் யாராவது சோதித்து விலக்கியிராவிட்டால், அந்தச் சந்தேகம் இன்னும் தொங்கிக்கொண்டுதான் இருக்கும் என்பது என் கணக்கு.

கரிச்சாம்பலே ஒரு புதையல் என்று வேறு சிலர் கிளம்பியிருக்கிறார்கள். சாம்பலில் ஜெர்மானியம் என்ற தனிமம் சேர்வதைப் புவிவேதியியலாளர் கோல்ட்ஷ்மிட் 1930களிலேயே எழுதிவிட்டார். சீனாவின் யுன்னான் மாகாணத்து லின்சாங்கில் பழுப்பு நிலக்கரியிலிருந்து அதை எடுக்கவும் செய்கிறார்கள். 2023 ஆகஸ்டில் ஜெர்மானியத்தின் ஏற்றுமதிக்குச் சீனா கட்டுப்பாடு விதித்ததும் எல்லோருக்கும் ஆசை பிறந்துவிட்டது. லின்சாங் அபூர்வம். எல்லாச் சாம்பலும் அப்படி இருக்காது. எது இருக்கும் என்று சொல்வதற்கும் அதே நிபுணர்தான் வேண்டும்.

தமிழ்நாட்டுக்கு வருவோம். தால்சேர் கரி பாராதீப்பிலிருந்து கப்பலேறி எண்ணூர் வருகிறது. அதன் சாம்பல் குழாய்களில் கசிந்து கொசஸ்தலையாற்றில் படிந்த கதை ஊரறிந்தது. நெய்வேலியின் பழுப்பு நிலக்கரி முற்றிலும் வேறு ரகம்: எடையில் ஏறக்குறைய பாதி ஈரம், சாம்பல் குறைவு. இரண்டுக்கும் ஒரே மேலாண்மை விதி பொருந்தாது. ஒவ்வொரு சாம்பல் குளத்துக்கும், எந்தப் படுகையின் கரி எந்த ஆண்டுகளில் எரிந்து அதில் சேர்ந்தது, அதில் என்னென்ன தனிமங்கள் எந்த வடிவில் உள்ளன என்ற பதிவேடு ஒன்று வேண்டும். அது பொதுமக்கள் பார்வைக்கும் கிடைக்க வேண்டும். கரி வந்த ரசீதுகளும், அவற்றைப் படித்துப் பொருள் சொல்லக்கூடிய ஆட்களும் இருக்கும்போதே இந்த வேலையைத் தொடங்கினால் செலவு குறைவு. மின் நிலையத்தை மூடும் ஆண்டில் தொடங்கினால் இரண்டையும் தேட வேண்டியிருக்கும்.