செல்போன் எட்டாத மூன்று நாள்!

ஏப்ரல் பிறந்தால் போதும், முசரவாக்கத்தில் என்னிடம் வைத்தியத்துக்கு வருகிற தாய்மார்கள் மருந்தை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டே இன்னொரு கேள்வியும் கேட்பார்கள். "லீவுக்குப் பசங்களை எங்கே சார் கூட்டிட்டுப் போறது?" ஊட்டி, கொடைக்கானல் எல்லாம் பார்த்தாயிற்று. இப்போது அந்தப் பட்டியலில் புதிதாகச் சேர்ந்திருப்பது கப்பல்.

2022 ஜூன் மாதம் சென்னைத் துறைமுகத்திலிருந்து கோர்டீலியா என்கிற சொகுசுக் கப்பல் புறப்பட்டது. அதிலிருந்து நடுத்தரக் குடும்பங்களுக்கும் இந்த ஆசை வந்துவிட்டது. நீச்சல் குளம், ஆட்டம் பாட்டம், விதவிதமான சாப்பாடு! "பசங்களுக்குப் போரடிக்காது சார்" என்கிறார்கள்.

நான் சொல்வது நேர் எதிர். பதிமூன்றிலிருந்து பதினெட்டு வயது வரை உள்ள பிள்ளைகளுக்குப் போரடிக்கிற கப்பல்தான் நல்லது!

அப்படி ஒரு கப்பல் இருக்கிறதா? இருக்கிறது. அதே சென்னைத் துறைமுகத்திலிருந்து அந்தமானுக்குப் போகிற பயணிகள் கப்பல். கொல்கத்தா, விசாகப்பட்டினத்திலிருந்தும் போகிறது. போர்ட் பிளேருக்கு (2024லிருந்து ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர்) சுமார் 1,190 கிலோமீட்டர். விமானத்தில் இரண்டே கால் மணி நேரம். கப்பலில் ஏறக்குறைய மூன்று நாள். இது உல்லாசக் கப்பல் இல்லை, தீவு மக்களுக்கு அதுதான் பஸ். சென்னையில் வைத்தியம் பார்த்துக்கொண்டு திரும்புகிறவர், லீவுக்கு வீடு திரும்பும் மாணவர், அட்டைப்பெட்டியும் மூட்டையுமாகக் குடும்பங்கள். குறைந்த கட்டணத்தில் பங்க் படுக்கை, கூடுதல் கட்டணத்தில் கேபின். சாப்பாட்டுக்கு நேரம் உண்டு. மற்ற நேரத்துக்கு? கடல்தான்!

கரையை விட்டுக் கொஞ்ச தூரம் போனதும் செல்போன் சிக்னல் அறுந்துவிடும். அங்கேதான் வைத்தியம் ஆரம்பமாகிறது.

பதினான்கு வேகங்கள்

சித்த மருத்துவத்தில் "வேகங்கள்" என்று பதினான்கைச் சொல்லியிருக்கிறார்கள். உடம்பு தானாக எழுப்புகிற உந்துதல்கள் அவை. பசி, தாகம், தூக்கம், கொட்டாவி, தும்மல், இருமல், சிறுநீர், மலம், வாந்தி, கண்ணீர், இளைப்பு என்று போகும் அந்தக் கணக்கு. இவற்றை அடக்கக் கூடாது, அடக்கினால் நோய் வரும் என்பது கல்லூரியில் நாங்கள் படித்த ஆரம்பப் பாடங்களில் ஒன்று.

இப்போது உங்கள் வீட்டுப் பிள்ளையின் ஒரு நாளை நினைத்துப் பாருங்கள். காலையில் பஸ் வந்துவிடும் என்று மலத்தை அடக்குகிறது. பள்ளிக்கூடக் கழிப்பறை பிடிக்காமல் சிறுநீரை அடக்குகிறது. அதற்காகவே தண்ணீர் குடிக்காமல் தாகத்தையும் அடக்குகிறது. டியூஷன் முடியும்வரை பசியை அடக்குகிறது. ராத்திரி பதினோரு மணிக்குத் தூக்கம் கண்ணைச் சொருகும்போது, செல்போனைப் பார்த்துப் பார்த்து அதையும் அடக்குகிறது. மார்க் குறைந்தால் அழுகையை அடக்குகிறது. அப்புறம் மலச்சிக்கல், தலைவலி, வயிற்றுப்புண், மாதவிலக்குக் கோளாறு என்று என்னிடம் வருகிறார்கள். சூரணம் கொடுக்கிறேன், கேட்கவும் செய்கிறது. ஆனால் அடக்குகிற வாழ்க்கை அப்படியே இருந்தால் சூரணம் எத்தனை நாளைக்குத் தாங்கும்?

பதின்பருவப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்கிறது நவீன மருத்துவம். இந்த வயதில் தூக்கம் தருகிற சுரப்பு இரவில் தாமதமாகத்தான் சுரக்கும். திரையின் வெளிச்சம் அதை இன்னும் தள்ளிப் போடும். காலை வெயில் அதை மறுபடி நேராக்கும். நம் வீட்டில் காலை வெயிலை எந்தப் பிள்ளை பார்க்கிறது?

கப்பலில் பார்த்தே தீர வேண்டும். மேல்தளம் முழுக்க வெளிச்சம்தான். ஒரு வேடிக்கை சொல்கிறேன். கப்பல் கிழக்கே போகப் போக, கடிகாரத்தில் பொழுது சீக்கிரம் விடிந்துகொண்டே வரும். போய்ச் சேர்கிற இடத்தில் சென்னையைவிட சுமார் 50 நிமிஷம் முன்னதாகவே சூரியன் உதித்துவிடும். கடிகாரம் ஒன்றுதான், பொழுதுதான் வேறு. தீர்க்கரேகை ஒவ்வொரு பாகைக்கும் நாலு நிமிஷம் என்று புவியியல் புத்தகத்தில் மனப்பாடம் செய்த பிள்ளை, அதைக் கண்ணால் பார்க்கும்.

ஆனால் சொகுசுக் கப்பலிலும் கடல் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. பார்க்க நேரம்தான் இருக்காது! ஒரு ஆட்டம் முடிந்தால் இன்னொரு ஆட்டம். நடுராத்திரி வரை பாட்டு. அப்பா அம்மா ஒரு பக்கம், பிள்ளை ஒரு பக்கம். ஊரில் எதிலிருந்து ஓய்வு வேண்டும் என்று கிளம்பினோமோ, அதையே தண்ணீரில் மிதக்கவிட்டுக் காசு கொடுத்துப் பார்த்துவிட்டு வருகிறோம். அங்கேயும் தூக்கம் அடக்கப்படுகிறது. புது மணத் தம்பதிகள் போகட்டும், நண்பர்கள் கூட்டமாகப் போகட்டும், நான் வேண்டாமென்று சொல்லவில்லை. தூக்கம் கெட்டுப் போன பிள்ளைக்கு அது மருந்தாகாது என்றுதான் சொல்கிறேன்.

மயில் கழுத்து எது?

எனக்குத் தெரிந்த ஒரு நெசவாளர் குடும்பம். மகள் பிளஸ் ஒன். ராத்திரி தூங்காமை, ஓயாத தலைவலி. அப்பா தறிக்குழியில் உட்கார்ந்தால் மகள் கதவைச் சாத்திக்கொள்வாள். தறிச் சத்தம் பிடிக்காது. அப்பா தொழிலைத் தோழிகளிடம் சொல்லவும் பிடிக்காது. உறவுக்காரர் ஒருவர் அந்தமானில் இருக்கிறார் என்று கோடை லீவில் கப்பலில் கிளம்பினார்கள்.

முதல் நாள் மகளுக்கு எல்லாவற்றுக்கும் எரிச்சல். சிக்னல் இல்லை, சாப்பாடு பிடிக்கவில்லை, எப்போது போய்ச் சேருவோம் என்று நூறு தடவை கேட்டாளாம். மத்தியானம் படுத்தவள் மறுநாள் விடியும்வரை தூங்கினாள். அம்மா எழுப்பவில்லை. எத்தனை மாதத் தூக்கமோ!

இரண்டாம் நாள் சாயங்காலம் மேல்தளத்தில் நிற்கும்போது, அப்பா தன் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். "அதோ, கடல் அடியில தெரியுது பாரு, அது மயில் கழுத்து. மேல வெளுத்துட்டு வர்றது மாந்துளிர். இப்ப இறங்குது பாரு, அது அரக்கு." எல்லாம் பட்டுச் சேலையின் நிறங்கள்! மகள் திரும்பிப் பார்த்தாளாம். "இதெல்லாம் எப்படிப்பா ஒரே பார்வையில தெரியுது?" என்று கேட்டாளாம். "முப்பது வருஷமா அதைத்தானே பார்க்கறேன்" என்றாராம் அவர். அன்றைக்கு இருட்டினபிறகு அம்மா மடியில் படுத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதிருக்கிறாள். ஏன் என்று அம்மா கேட்கவில்லை. கண்ணீரும் ஒரு வேகம்தானே!

அதோடு தலைவலி பறந்துபோயிற்று என்று நான் கதை விட மாட்டேன். ஊர் திரும்பியபிறகும் மருந்து சாப்பிட்டாள். ஆனால் ராத்திரி பத்து மணிக்குச் செல்போனை அவளே அணைக்கிறாள் என்று அம்மா சொன்னார். தறி இருக்கிற அறைக் கதவும் இப்போதெல்லாம் சாத்துவதில்லையாம்.

போகிறவர்களுக்கு...

கப்பல் என்றதும் எல்லோருக்கும் பயம் வாந்திதான். காரணம் எளிது. உள்காதில் இருக்கிற சமநிலை உறுப்பு "உடம்பு ஆடுகிறது" என்கிறது. அறைக்குள் இருக்கும் கண் "எதுவும் ஆடவில்லை" என்கிறது. இரண்டு சாட்சியும் முரண்பட்டால் மூளை குழம்புகிறது, குமட்டல் வருகிறது. சித்த மருத்துவத்தில் இதைப் பித்தம் மிஞ்சுவதாகச் சொல்வோம். அதனால் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் படுக்கை கிடைத்தால் நல்லது. அங்கே ஆட்டம் குறைவு. குமட்டும்போது புத்தகமோ செல்போனோ பார்க்காமல், மேலே வந்து தொடுவானத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

வெறும் வயிற்றோடும் இருக்கக் கூடாது, எண்ணெய்ப் பலகாரமும் ஆகாது. இஞ்சி முரப்பா, சுக்குப் பொடி, ஏலக்காய், எலுமிச்சம்பழம், நார்த்தங்காய் ஊறுகாய் இவை பையில் இருக்கட்டும். இஞ்சி குமட்டலுக்கு உதவும் என்பதை நவீன ஆய்வுகளும் ஓரளவு ஒப்புக்கொள்கின்றன. அதையும் மீறி வாந்தி வந்தால் அடக்காதீர்கள். எடுத்தபிறகு உப்பும் சர்க்கரையும் கலந்த ஓ.ஆர்.எஸ். நீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். போன தடவை பஸ்ஸிலேயே மயங்கி விழுந்த பிள்ளை என்றால், கிளம்புமுன் டாக்டரிடம் கேட்டு வாந்தி மாத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். சித்த வைத்தியன் இதைச் சொல்கிறானே என்று பார்க்காதீர்கள், பிள்ளைக்கு எது உதவுமோ அதுதான் மருந்து! ஆஸ்துமா, வலிப்பு உள்ளவர்கள் வழக்கமான மருந்தைக் கூடுதலாக நாலு நாளைக்கு எடுத்துப் போக வேண்டும். கப்பல் தாமதமாகலாம்.

பருவம் முக்கியம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வங்கக் கடலில் புயல் காலம். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் கடல் கொந்தளிக்கும். ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை அமைதி. முழுப் பரீட்சை முடிந்த ஏப்ரல்தான் நமக்கு வசதி. மே மாதத்திலும் புயல் வருவதுண்டு என்பதால் வானிலை அறிக்கை பார்த்துக் கிளம்புங்கள். கப்பல் தினமும் கிடையாது. தேதி முன்னே பின்னே மாறும், டிக்கெட்டும் சீக்கிரம் தீரும். அந்தமான் நிர்வாகத்தின் கப்பல் துறையில் விசாரித்துத் திட்டமிடுங்கள். கழிப்பறை உங்கள் வீட்டைப் போல இருக்காது. போகும்போது கப்பல், வரும்போது விமானம் என்று வைத்துக்கொண்டால் லீவும் மிச்சம். கைப்பிடிக் கம்பியில் ஏறிப் படம் எடுக்க மட்டும் விடவே கூடாது!

மூன்று நாள் முடியாதவர்களுக்கும் வழி உண்டு. 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து இலங்கையின் காங்கேசன்துறைக்குக் கப்பல் போக்குவரத்து தொடங்கி, நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி தொடங்கியது. சுமார் நாலு மணி நேரம், பாஸ்போர்ட் வேண்டும். அதுவும் முடியாதா? சிதம்பரத்துக்குப் பக்கத்தில் பிச்சாவரம் இருக்கிறது. மோட்டார் படகு கேட்காதீர்கள், துடுப்புப் படகு கேளுங்கள்.

நம் தாத்தாக்கள் ரஜூலா கப்பலில் நாகப்பட்டினம் வழியாகப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் நாள்கணக்கில் போனார்கள். பிழைப்புக்காகப் போனார்கள், உல்லாசம் இல்லை. நமக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அதனால் அந்த நீண்ட கடல் நாட்களை நாமாகத் தேடிப் போனால்தான் உண்டு.

கடைசியாக ஒரு பத்தியம். பிள்ளையின் செல்போன் மட்டும் பைக்குள் போனால் போதாது. ஏற்கெனவே ஏற்றி வைத்த சினிமாவை அப்பா பார்த்துக்கொண்டிருந்தால், பிள்ளை மட்டும் கடலைப் பார்க்குமா? பத்தியம் வீட்டில் எல்லோருக்கும்தான்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். எட்டாம் வகுப்பு படிக்கிற பிள்ளை உங்களோடு கழிக்கப்போகும் கோடை லீவு இன்னும் ஐந்துதான். பிளஸ் ஒன் பிள்ளைக்கு இரண்டு. அப்புறம் ஹாஸ்டல், வேலை, கல்யாணம். அந்த இரண்டில் ஒன்றையாவது, போரடிக்கிற கப்பலுக்குக் கொடுங்கள்!